மறுமொழி கூறும் முறை

வேற்று மாநிலங்களில் வாழும் நாம் தமிழில் கூடிப் பேசும் அவைகள் சிலவே. அவற்றிலும் கருத்து வேற்றுமை எழுதல் இயல்பு. ஆயின் மறுமொழி கூறும் முறையை நாம் மறத்தலாகாது.

மக்களவையில் உறுப்பினர் மற்றோர் உறுப்பினரை நேரே விளித்து வாதிடுதல் முறையன்று. அவைத்தலைவரை விளித்தே பேசுதல் வேண்டும். சினம் ஆளைப் பற்றாது பொருளளவில் நிற்க இஃது உதவுகின்றது. நூலாசிரியர் கொள்ளும் நெறிகளாகிய எழுவகை மதங்களைக் கூறும் நன்னூலாரோ, உடன்படலை முதலிலும் மறுத்தலை அதன் பின்னும் வைத்தார். பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர் களைதல் மூன்றாவது மதம்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. பிறர் கூறியதை முழுதும் உணராமல் ஒரு வரியும் பெயர்த்தெழுத இயலாது. இதனை அறிந்த யானே ஒருமுறை தவறினேன். டில்லியில் ஒரு கூட்டத்தில், குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் இந்தி எழுத்தின் துணைகொண்டு தமிழ் கற்பிக்கலாம் என்றார் ஒரு பெரியவர். அவர் முடிக்குமுன்னரே, தமிழெழுத்தை விலக்கச் சொல்கின்றார் எனக் கருதிக் கடிந்துரைத்தேன். அவர் விடையிறுக்காமல் அமர்ந்தார், பின்னர் வரவேயில்லை. பிழையுணர்ந்து அவர் இல்லம் சென்றபோது, மகனுடன் வேறூர் சென்றுவிட்டார் என்றனர் அண்டை வீட்டார்.

அன்றுமுதல், “தாங்கள் கூறியது இதுதானே?” என வினவி, “ஆம்” என்ற விடை பெற்ற பின்னரே மறுக்கின்றேன். தமிழ் பேசத் துணையிருப்போர் சிலரேயான ஊரில், அவருள் ஒருவரையும் நம் சொல்லால் இழத்தல் தகாது.