கொய்யாப்பழ ஜாமும் பன்னீர் ரோஜாவும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க மகாசபைக் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கணக்குப் புஸ்தகத்தைத் தணிக்கை செய்யவும், தவணை தவறிய கடனைக் கேட்கவுமே இன்ஸ்பெக்டர் வருவது வழக்கம். இன்று நான் ஜாம் காய்ச்சுவதைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு நகைப்பை உண்டாக்கலாம். ஆனால் இவ்விரண்டு விஷயங்களும் ஒன்றையொன்று சார்ந்தவையே என்பதைச் சற்றுப் பொறுத்துக் கேட்டால் அறிந்துகொள்வீர்கள்.

பழநிக்கு அடுத்த ஆயக்குடி கொய்யாவிற்குப் பேர்போனது. அதைப்போலக் கொய்யா விளையும் எவ்விடத்திலும் ஒரே சங்கடம்தான். நெல்லைக் குதிரில் கொட்டி நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். கொய்யாவோ, பறித்த நாலைந்து நாட்களில் குழைந்து போகிறது. எல்லாத் தோட்டங்களிலும் ஒரே சமயத்தில் பழம் கனியும்போது விலை விழுகிறது. பறிக்கும் கூலிக்கும் வண்டிச் சத்தத்திற்கும் கட்டாது என்று பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவாரும் உண்டு. அவ்வாறு அழுகுவது பழம் மாத்திரமன்று. அந்த அங்கத்தினர் சங்கத்திற்குச் செலுத்தவேண்டிய தவணையும் அதனுடன் அழுகுகிறது. ஆகையால், விலை போகாத பழத்தைப் பல மாதம் கெடாத சரக்காக மாற்றும் வித்தை நமக்கு அவசியம்.

அவ்வித்தை கடினமானதன்று. ஜாம் கெட்டியாவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: பெக்டின், புளிப்பு, சர்க்கரை. பெக்டின் என்பது பழத்திலேயே உள்ள ஒருவிதப் பசைச்சத்து. பிரான்சு தேசத்து ரசாயன சாஸ்திரி பிராகொன்னோ என்பவர் 1825-ஆம் வருஷத்தில் இதற்கு அப்பெயரை இட்டார். கொய்யாவில் இச்சத்து ஏராளம். முற்றிக் கனியும் தறுவாயில் மிகுதி, அளவுக்கு மீறிக் கனிந்தால் குறைவு. புளிப்பை எலுமிச்சம்பழம் தரும். சர்க்கரை இனிப்புக்காக மாத்திரம் சேர்க்கப்படுவதன்று. பாகில் அது போதிய அளவு இருந்தால், பூஞ்சையும் நொதிக்கிருமியும் வளரத் தேவையான நீர் அவற்றிற்குக் கிட்டாது. சர்க்கரையே ஜாமின் காவற்காரன்.

இனிச் செய்முறையைக் கூறுகிறேன். வெட்டுக் காயமும் புழுவும் இல்லாத பழங்களாக எடுங்கள். மூன்று பங்கு கனிந்தவையும், ஒரு பங்கு முற்றிய செங்காயும் இருக்கட்டும். கழுவி நறுக்கி, மூழ்கும் அளவுக்கு மாத்திரம் நீர் விட்டு, மெத்தென்று வேகவைத்து, விதை தங்கும்படி சல்லடையில் தேய்த்து விழுதை எடுங்கள். விழுது மிகவும் நீர்த்திருந்தால் அடுப்பிலேற்றிச் சற்று வற்றவைத்துக் கொள்ளுங்கள். பிறகு தராசில் நிறுங்கள். விழுது 1 கிலோவாயின் சர்க்கரை 750 கிராம், எலுமிச்சம்பழம் இரண்டு. பாத்திரம் வாய் அகன்ற எவர்சில்வராக இருப்பது நலம். ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் புளிப்புக்கு ஆகா. விழுதையும் சர்க்கரையையும் சேர்த்து, அடிபிடியாமல் கிளறிக் கொதிக்கவையுங்கள். முடிவை நெருங்கும்போது எலுமிச்சைச் சாற்றை விடுங்கள்.

பதம் அறிவதெப்படி? கரண்டியில் எடுத்துச் சற்று ஆறவைத்துச் சாய்த்தால், சொட்டுச் சொட்டாக ஒழுகாமல் தகடுபோல் ஒன்றுகூடி விழவேண்டும். உஷ்ணமானி வைத்திருப்பவர்கள், தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் 5 டிகிரி, அதாவது சுமார் 105 டிகிரி செண்டிகிரேடு என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் நிச்சயமானது தராசு. நான் சொன்ன அளவுக்கு முடிவில் சுமார் 1¼ கிலோ ஜாம் நிற்கவேண்டும். அதற்கு அதிகமாக நின்றால் இன்னும் நீர் இருக்கிறது என்று அர்த்தம்.

பூவின் முறை இப்போதுதான் வருகிறது. குல்கந்து நம்மவர்க்குப் புதிதன்று. அதே பன்னீர் ரோஜா இதழ் 50 கிராம் எடுத்து, கைப்புத் தரும் அடிப்பக்க வெண்மையைக் கிள்ளி நீக்கி, கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். முன் சொன்ன 750 கிராம் சர்க்கரையிலேயே ஒரு கைப்பிடி எடுத்து அதனுடன் பிசறி, ஓரிரவு மூடிவையுங்கள். ஜாம் பதத்தை எட்டும் தறுவாயில் இதைச் சேர்த்து, மூன்று நிமிஷம் கொதிக்கவிட்டு, பதத்தை மறுபடியும் பார்த்து இறக்குங்கள். முதலிலேயே போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். புளிப்புப் பட்டவுடன் இதழின் நிறம் சிவந்து, வெள்ளைக் கொய்யா ஜாமும் இளஞ்சிவப்பாகத் தோன்றும். சாயம் எதுவும் தேவையில்லை.

எந்தப் பூவும் உதவும் என்று எண்ணிவிடாதீர்கள். அரளி, ஊமத்தை, செங்காந்தள் ஆகியவை விஷம். பூக்கடை ரோஜாவும் மல்லிகையும் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டவையாக இருக்கலாம். மாலைக்கு ஏற்றது வாய்க்கு ஏற்றதாகிவிடாது. மருந்து படாமல் நம் வேலியோரத்தில் நாமே வளர்த்த பூவே உதவும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வெட்கப்படவில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்த நான், என்னவோ எல்லாம் தெரிந்தவன்போல, என் வீட்டில் முதல்முறை காய்ச்சியபோது தித்திப்பு மிகுதி என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பின் ஈர இதழ்களை அப்படியே தூவி மூடினேன். பத்தாம் நாள் திறந்தபோது மேலே சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. “பூஞ்சையை வழித்துவிட்டு உபயோகிக்கலாமே” என்றேன். என் மனைவியார், “இதை அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பீர்களா?” என்று கேட்டார். பதில் சொல்ல இயலாமல் குப்பையில் கொட்டினேன். அக்கேள்வியை ஒவ்வொரு புட்டியின் மீதும் எழுதி ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

புட்டிகளை 15 நிமிஷம் கொதிநீரில் வைத்தெடுத்து, ஈரமற வடித்து, ஜாம் நல்ல சூடாக இருக்கும்போதே நிரப்பி இறுக மூடவேண்டும். தேதியை எழுதி, வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும்.

அங்கத்தினர்களே, இதில் சங்கத்திற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்திற்குப் பின் இந்நாட்டில் தோன்றிய சங்கங்களுக்கெல்லாம் ஆதாரமான தத்துவம், தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதே. சர்க்கரையும் புட்டியும் மொத்தமாக வாங்கினால் மலிவு. நல்ல தராசும் உஷ்ணமானியும் வீட்டுக்கு ஒன்று வேண்டாம். சங்கத்திற்கு ஒன்று போதும். விற்பனைக்குச் செய்வதாயின், 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறவேண்டும். ஜாமில் பழம் நூற்றுக்கு 45 பங்குக்கும், கரைந்த திடப்பொருள் 65 பங்குக்கும் குறையலாகாது என்பது விதி. நான் கூறிய அளவு இவ்விதிக்கு உட்பட்டதே.

ஆனால் முதல் வருஷத்திலேயே பெருலாபம் கிடைக்கும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். பத்துப் புட்டியில் ஆரம்பியுங்கள். தோட்டத்துப் பழத்திற்கும் சந்தை விலை போடுங்கள். விறகுக்கும், உடைந்த புட்டிக்கும், அடுப்படியில் நின்ற பெண்களின் உழைப்புக்கும் கூலி போடுங்கள். அவற்றையெல்லாம் கழித்து மிஞ்சுவதே லாபம். பெண்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் காட்டும் லாபம் பொய்க் கணக்கு. அதைத் தணிக்கையில் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஒருவர் அளவில் செய்யும் மோசம் சங்கத்தின் பெயரைக் கெடுக்கும். ஒருவர் காட்டும் கவனம் எல்லோருடைய சரக்கையும் விற்கச் செய்யும். ரோஜா வாசனை ஒருமுறை வாங்கத் தூண்டும். மறுமுறை வாங்கச் செய்வது தராசின் நேர்மைதான். இதை மனத்திற்கொண்டு, வருகிற கொய்யாப் பருவத்தில் ஒரு பழமேனும் மரத்தடியில் வீணாகாதபடி முயல்வீர்களென நம்பி, என் சொற்களை முடித்துக்கொள்கிறேன்.