புதுப்பித்த போன் திறக்கவில்லையா?

வெளிநாட்டு உறவுகள் பாவித்த ஐபோன்கள் தாழ்வுபாடு கிராமத்து வீடுகளுக்கும் வருவதுண்டு. அவற்றை வைத்திருப்போருக்கு இன்றைய தகவல்.

2016 மார்ச்சில் ஆப்பிள் ஐஓஎஸ் 9.3 பதிப்பை வெளியிட்டது. புதுப்பித்ததும் ஐபோன் 5எஸ், ஐபேட் ஏர், அவற்றுக்கு முந்திய கருவிகள் பல திறக்க மறுத்தன. முதலில் பதிந்த ஆப்பிள் ஐடியையும் கடவுச்சொல்லையும் திரை கேட்டது. பலருக்கு அவை நினைவில் இல்லை. ஒரு வாரத்துக்குள் திருத்திய பதிப்பு வந்தது.

உங்கள் போனும் அப்படி நின்றால் பதறாதீர்கள். சிம் சரியாக இருக்கிறதா பாருங்கள். சிக்னல் குறைந்த இடமென்றால் வைஃபையில் இணையுங்கள். நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். சரிவராவிட்டால் கணினியில் இணைத்துப் பாருங்கள்.

முந்தைய உரிமையாளரின் ஐடியைக் கேட்கிறதா? அனுப்பிய அண்ணனையோ மாமியையோ அழையுங்கள். அவர் கனடாவில் இருந்தபடியே ஐகிளவுட் தளத்தில் அந்தப் போனைத் தன் கணக்கிலிருந்து நீக்கலாம். பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்பவரிடம் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

புதுப்பிக்கும் முன்பே படங்களையும் தொலைபேசி எண்களையும் வேறிடத்தில் சேமியுங்கள். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.