வீட்டுக்கு முன்னால் பேட்டையைப் பாருங்கள்

(மும்பையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காரியக் கமிட்டியினர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "மும்பையில் வாடகை வீடு தேடுவது எப்படி" என்பது. அதை நான் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். வீடு தேடுவதைப் புரோக்கர் பார்த்துக்கொள்வார். அதற்குத்தான் அவருக்குப் பணம் கொடுக்கிறோம். எந்தப் பேட்டையில் குடியிருப்பது என்பதை மட்டும் அவர் நமக்காகத் தீர்மானிக்க முடியாது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மாற்றலாகி வருகிறவர்கள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டால், கேட்பது அநேகமாக மூன்று விஷயம்தான். இந்த வாடகைக்கு எத்தனை பெட்ரூம் கிடைக்கும், கார் நிறுத்த இடம் உண்டா, ஆபீஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும். கேட்கிறவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டரைக்கு வீடு திரும்புகிறவர். தன் பேட்டையை அவர் வெளிச்சத்தில் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான். ஆகவே நான் அவரிடம் திருப்பி ஒன்று கேட்பேன். காலை பதினொரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்? குழந்தையா, அம்மாவா, மனைவியா? அவர்களுக்காகத்தான் பேட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். புருஷன், மனைவி இருவருக்கும் வேலை. பையன் ஒன்றாம் வகுப்பு. பேரனைப் பார்த்துக்கொள்ள கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து எழுபத்து நாலு வயதுப் பாட்டி வந்தாள். தாணேயில் கோட்பந்தர் ரோடில் பத்தொன்பதாவது மாடியில் ஃப்ளாட். நல்ல காற்று, நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், பத்தொன்பது மாடிக்கும் நொடியில் ஏறுகிற லிஃப்ட். வாடகையும் அவர்கள் கைக்கு அடக்கம்தான். பிள்ளை பெருமையோடு அம்மாவுக்குச் சுற்றிக் காட்டினான்.

ஆனால் கேட்டைத் தாண்டினால் நெடுஞ்சாலை. லாரியும் டேங்கரும் ஓடுகிற அந்தச் சாலையை ஒரு வயசான அம்மாள் தனியாகக் கடப்பது நடக்காத காரியம். கறிவேப்பிலை வேண்டுமென்றாலும் போனில்தான் வரவழைக்க வேண்டும். அது பாட்டிக்குத் தெரியாது. ஹிந்தியும் தெரியாது. கோயிலுக்குப் போக ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஒழிந்தால்தான் உண்டு. பாட்டி யாரையும் குறை சொல்லவில்லை. ஐந்தாவது மாசம், "எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லைடா. ஆனா உங்களைத் தவிர ஒரு மனுஷாளோட பேசி எத்தனையோ நாளாச்சு" என்று சொல்லி ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாள். மத்தியானம் பள்ளிக்கூட வண்டியிலிருந்து இறங்கும் பையனைக் கூட்டிக்கொள்ள ஆள் இல்லை. அடுத்த இரண்டு மாதத்தில் மாட்டுப்பெண் வேலையை ராஜினாமா செய்தாள். வாடகையில் மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு அவள் சம்பளத்தில் போயிற்று. பணத்தை விடுங்கள், பன்னிரண்டு வருஷம் கட்டி வளர்த்த உத்தியோகம்.

இதில் அந்தக் கட்டடத்தின் மேல் தப்பில்லை. கார் வைத்திருக்கிற, வீட்டில் பெரியவர்கள் இல்லாத குடும்பத்துக்கு அதே ஃப்ளாட் சொர்க்கமாக இருந்திருக்கும்.

உடனே மாட்டுங்காவில்தான் வீடு பார்க்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதாக நினைக்காதீர்கள். மாட்டுங்காவின் சௌகரியம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும், அதை வேறு இடத்திலும் அடையாளம் காணலாம். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. அதன் விளைவாக 1898இல் அமைந்த இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா பகுதியில் முதலில் சாலைகளையும் தோட்டங்களையும் வகுத்து, பிறகுதான் மனைகளைப் பிரித்தது. அகலமான நடைபாதை, நிழல் தரும் மரம், நடந்து போகிற தூரத்தில் மார்க்கெட், கோயில், பள்ளிக்கூடம், ரயில் ஸ்டேஷன் எல்லாம் அதனால் ஒன்றாக அமைந்தன. நம்மவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும் சொந்த வீடு வாங்கி அல்ல, பெரும்பாலும் வாடகைக்காரர்களாகத்தான். 1932இல் எஸ்.ஐ.இ.எஸ். ஏற்பட்டது. பஜனை சமாஜமும் ஆஸ்திக சமாஜமும் வந்தன. சாயங்காலம் பூ வாங்கப் போன மாமி, வழியில் நாலு பேரோடு பேசிவிட்டுத் திரும்ப அரை மணி போதும்.

இன்றும் அந்தத் தெருக்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வாடகைக்குக் கிடைக்கிற பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடி, முழங்கால் வலி என்றால் மாட்டுங்காவின் அத்தனை சௌகரியமும் ஜன்னல் வழியாகப் பார்க்கத்தான் உதவும். கோட்பந்தர் ரோடு பாட்டிக்கும் இந்தப் பாட்டிக்கும் வித்தியாசம் இருக்காது. இரண்டாவது, "அங்கே எல்லாம் நம்மவாதானே" என்பது. எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் பதினாறு குடித்தனம். ஒரு காலத்தில் பதினொன்று தமிழ்க் குடும்பம், இப்போது நாலு. அதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் அமெரிக்காவில். மற்றவர்கள் பெரும்பாலும் கட்சிக்காரர்கள், அதாவது கட்ச் தேசத்து ஜைனர்கள், குஜராத்திகள். அங்கே ஒரு மாமி குளியலறையில் வழுக்கி விழுந்தபோது கதவை உடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது எதிர் ஃப்ளாட் குஜராத்திப் பையன்தான். சத்தம் கேட்கிற தூரத்தில் ஆள் இருந்தது, பகலில் கதவைத் திறந்து வைத்திருக்கும் வழக்கம் இருந்தது. பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட இதைத்தான் நான் பார்ப்பேன்.

செம்பூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேடா நகரில் திருச்செம்பூர் முருகன் கோயில், ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி, அஹோபில மடம், நம் சமையலுக்கு வேண்டிய சாமான் கிடைக்கிற கடைகள், எல்லாம் இருக்கின்றன. முருகன் கோயிலுக்குப் படி ஏற வேண்டும் என்பதைப் பெரியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். ஆனால் செம்பூர் என்று ஒரே பெயரில் பல இடங்கள் இருக்கின்றன. மாஹுல் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், ஒரு பக்கம் உரத் தொழிற்சாலை. காற்று அந்தத் திசையிலிருந்து வீசும் ராத்திரிகளில் நெடி வரும். குழந்தைக்கு வீஸிங் தொந்தரவு இருந்தால், பகலில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை போய், பத்து நிமிஷம் தெருவில் நில்லுங்கள்.

முலுண்ட், மாட்டுங்கா வாடகையில் ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கிற இடம். நிழலான தெருக்கள், மேற்கே மலை. எல்லா ஃபாஸ்ட் லோக்கலும் அங்கே நிற்காது. ஆனால் அந்தேரியில் ஆபீஸ் என்றால், 2014இல் காட்கோபர், வெர்சோவா மெட்ரோ வந்த பிறகு தாதர் போய்ச் சுற்ற வேண்டியதில்லை, காட்கோபரில் மாறிக்கொள்ளலாம். டோம்பிவிலியில் இன்னும் பெரிய வீடு கிடைக்கும், நம்மவர்களும் நிறைய. அங்கே விலை ரயிலில் கொடுக்கிறோம். 2025 ஜூன் 9ஆம் தேதி காலையில் மும்ப்ரா அருகே கூட்டத்தில் படியில் தொங்கி வந்தவர்கள் விழுந்து உயிரிழந்ததைப் பத்திரிகைகளில் படித்தோம். சம்பாதிக்கிறவர் பத்திரமாக வீடு திரும்புவதும் குடும்ப க்ஷேமத்தில் சேர்ந்ததுதானே? ஆபீஸ் நேரம் முன்னே பின்னே மாற்றிக்கொள்ள முடிகிறவர்கள்தான் டோம்பிவிலியைத் தைரியமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2020இல் வந்த மகாராஷ்டிரச் சட்டப்படி எந்த போர்டானாலும் மராத்தி கட்டாயப் பாடம். தமிழ்நாட்டிலிருந்து ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பில் வரும் குழந்தைக்கு இது பெரிய பாரம். மராத்தி பேசுகிற பிள்ளைகள் விளையாடும் காம்பவுண்டில் வீடு பார்த்தால், டியூஷனில் வராதது கிரிக்கெட்டில் வந்துவிடும். என் பேத்தி அப்படித்தான் கற்றுக்கொண்டாள். இப்போது என் மராத்தியைத் திருத்துகிறாள்.

மழை. 2005 ஜூலை 26 அன்று சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அந்த நாளை இங்கே இருக்கும் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அது அபூர்வம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட், ஹிந்துமாதா, மிட்டி நதியை ஒட்டிய குர்லா போன்ற இடங்களில் தண்ணீர் தேங்குவது அபூர்வம் இல்லை. பிப்ரவரியில் வீடு பார்க்கிறவருக்கு இது தெரியாது. தரைத்தளமாக இருந்தால் வாட்ச்மேனையும், தெருவோரத்தில் இஸ்திரி போடுகிறவரையும் கேளுங்கள். இஸ்திரிக்காரருக்கு எது வரைக்கும் தண்ணீர் ஏறும் என்று சாண் கணக்கில் தெரியும். குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கோடையில் டேங்கர் வருகிறதா என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம்.

இப்போது வாடகைக்காரர்களை அதிகமாக அலைக்கழிப்பது ரீடெவலப்மென்ட். செம்பூர், முலுண்ட், மாட்டுங்கா எங்கும் பழைய சொசைட்டிகள் இடிபட்டு கோபுரங்களாக எழும்புகின்றன. இடிக்கும் காலத்தில் வேறு வீட்டுக்கு ஆகும் வாடகையை பில்டர் ஃப்ளாட் சொந்தக்காரருக்குத்தான் தருவார்; லீவ் அண்ட் லைசென்ஸில் இருக்கிற நமக்கு அதில் பங்கில்லை. பள்ளிக்கூடம் பாதியில் இருக்கும்போது காலி செய்யச் சொல்வார்கள். ஆகவே வீட்டுச் சொந்தக்காரரை மட்டும் கேட்காமல் சொசைட்டி செக்ரட்டரியைப் பார்த்து, பில்டர் தேர்வாகிவிட்டாரா, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா என்று விசாரியுங்கள். பக்கத்து மனையையும் விசாரியுங்கள். அங்கே அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தால் இரண்டு மூன்று வருஷத்துக்குத் தூசியும் சத்தமும் உங்களுடையது. பெரியவர்கள் மத்தியானம் கண் மூட முடியாது.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாக. "பதினொரு மாசம்தானே, ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம்" என்று சில புரோக்கர்கள் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தில் அது செல்லாது. 1999ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். பதிவு செய்கிற பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரருடையது. பதியாமல் விட்டு, பிறகு தகராறு வந்தால், நிபந்தனைகளைப் பற்றி வாடகைக்காரர் சொல்வதே, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரையில், ஏற்கப்படும். குழந்தை படிக்கிற வீடென்றால் பதினொரு மாதத்தோடு நிற்காமல் இரண்டு, மூன்று வருஷத்துக்குக் கேட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு இவ்வளவு சதவீதம் ஏற்றம் என்று எழுதிக்கொண்டால் பல சொந்தக்காரர்கள் சம்மதிக்கிறார்கள். அவர்களுக்கும் வருஷா வருஷம் புது ஆளைத் தேடுவது தொந்தரவுதான்.

கடைசியாக ஒரு யோசனை. கமிட்டியிடம் சொல்லிவிட்டேன், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். சங்க அலுவலகத்தில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தாங்கள் குடியிருக்கும் கட்டடத்தைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். லிஃப்ட் உண்டா, தண்ணீர் எத்தனை மணி நேரம், மழையில் வாசல் எப்படி இருக்கும், வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா, ரீடெவலப்மென்ட் பேச்சு எந்த மட்டில் இருக்கிறது. கூடவே, பகலில் வீட்டில் இருந்து, புதிதாக வருகிற ஒரு பாட்டியோடு பேசச் சம்மதிக்கிற மாமிகள் தங்கள் பெயரையும் எழுதலாம். புத்தகம் வாசலில் மேஜை மேல் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறது. டிபனுக்குப் போகிற வழியில் எழுதிவிட்டுப் போங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.