அத்தா அங்கே இருந்தார். நமக்கு அங்கே உரிமை உண்டா?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தேன். ஓர் இளைஞர் பழைய தகரப் பெட்டியோடு நின்றார். "ஹஜ்ரத், எங்க அத்தா முப்பது வருஷம் பினாங்குல இருந்தாங்க. அதனால எனக்கும் மலேசியக் குடியுரிமை உண்டாம். ஏஜெண்ட் சொல்றாரு. மூணு லட்சம் கேக்குறாரு. வெங்காயக் காட்டை வித்துக் குடுத்துடலாமா?" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே அவருடைய அத்தாவின் அடையாள அட்டை இருந்தது. சிவப்பு அட்டை. "தம்பி, காட்டை விற்காதே!" என்றேன்.

ஏன் சொன்னேன்? மலேசியாவில் நீல அட்டை குடிமகனுக்கு. சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. நிரந்தரவாசி என்றால் அங்கே தங்கலாம், தொழில் செய்யலாம், அவ்வளவுதான். சிங்கப்பூரிலோ இளஞ்சிவப்பு அட்டை குடிமகனுக்கு, நீலம் நிரந்தரவாசிக்கு. ஒரே நீலம், இரண்டு நாட்டில் இரண்டு பொருள்! இது தெரியாமல் நம் மக்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

சகோதரர்களே! குடியிருப்பு வேறு, குடியுரிமை வேறு. உங்கள் தகப்பனார் அங்கே எத்தனை வருடம் கடை வைத்திருந்தார் என்பது கேள்வி அல்ல. நீங்கள் பிறந்த அன்று அவர் அந்த நாட்டின் குடிமகனா? இதுதான் முதல் கேள்வி. நீங்கள் எங்கே பிறந்தீர்கள்? இது இரண்டாவது. உங்கள் பிறப்பு அந்த நாட்டுத் தூதரகத்தில் பதிவானதா? இது மூன்றாவது.

மலேசியாவை எடுத்துக்கொள்வோம். 1957 ஆகஸ்ட் 31க்குப் பின், 1962 அக்டோபருக்கு முன் மலாயா மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும் பொதுவாகக் குடிமகன் ஆனார். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆகவே 1960இல் பினாங்கில் பிறந்து, கைக்குழந்தையாக ஊருக்கு வந்த பெரியவர் யாரேனும் இருந்தால் அவருடைய பிறப்புச் சான்றைத் தேடுங்கள். கேட்டுப் பார்க்க நியாயம் உண்டு. ஆனால் வேறு நாட்டுக் குடிமகனுக்குரிய உரிமைகளை அனுபவித்தவரின் குடியுரிமையைப் பறிக்கவும் அந்நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதையும் மறக்க வேண்டாம்.

நம் ஊரில் பிறந்தவருக்கு? பிறந்த அன்று தகப்பனார் மலேசியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதோடு, அவர் அந்த மண்ணில் பிறந்தவராக இருக்க வேண்டும். இல்லையேல் குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டும். தாய் வழியாகவும் உரிமை தரும் திருத்தத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றியது. அது பழைய பிறப்புகளுக்குப் பின்னோக்கிச் செல்லாது. சிங்கப்பூரில் தாய் வழி உரிமை 2004 மே 15 முதல் பிறந்தவர்களுக்குத்தான்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே நிலையாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் குடியுரிமை தந்தது. கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியவருக்காக வந்த சட்டம் அல்ல அது. வளைகுடாவிலோ, இக்காமாவை ஆயிரம் முறை புதுப்பித்தாலும் அது பிள்ளைக்குக் குடியுரிமை ஆகாது.

சரி, எங்கே விசாரிப்பது? மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்னையில் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. தகப்பனாரின் அட்டை, பாஸ்போர்ட், பெற்றோரின் திருமணப் பதிவு, உங்கள் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு நேரடியாகக் கேளுங்கள். அசலை எந்த ஏஜெண்டிடமும் கொடுக்காதீர்கள்!

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. நீல அட்டை வைத்திருக்கும் பெரியத்தாவைத் தகப்பன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பெற்றவன் பெயரை மாற்றுவதா? மார்க்கத்தில் அது பெரும்பாவம். சட்டத்தில் சிறைக்கு வழி. கடன் கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்த எழுத்தில் பொய் கலக்கலாமா?

உண்மையிலேயே உரிமை இருக்கிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பிறகு ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். ஆனால் ஓட்டு இல்லை. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. லாப நஷ்டக் கணக்குப் பார்க்கத் தெரிந்த வியாபாரிகளே, இந்தக் கணக்கையும் பாருங்கள்!

கடைசியாக ஒரு வார்த்தை. "அத்தா வெளிநாட்டில் இருந்தாரே, என் இந்தியக் குடியுரிமைக்கு ஆபத்தா?" என்று சிலர் பயப்படுகிறார்கள். பயப்படாதீர்கள். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப் பின் 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்கும் பின் பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். அத்தா சம்பாதிக்கப் போனது உங்களுக்கு அங்கே உரிமை தரவில்லை. இங்கே இருக்கும் உரிமையைப் பறிக்கவும் இல்லை.

ஆகவே இன்றிரவே வீட்டுப் பெட்டியைத் திறங்கள். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பத்திரம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தாலும் இப்போதே திருத்துங்கள். அந்தத் தம்பி காட்டை விற்கவில்லை. இப்போது அதே காட்டில் வெங்காயம் போட்டிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்!

வஸ்ஸலாம்.