உள்ளத்திற்கும் ஒப்புதற் சீட்டா?

(புதுக்கோட்டையில் தமிழ்ப்பற்றாளர் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் தமிழாசிரியன். ஆகவே ஒரு சொல்லிலிருந்து தொடங்குகின்றேன். 'பள்ளி' என்பது அச்சொல். நான் நாள்தோறும் சென்று பாடஞ்சொல்லும் இடம் பள்ளி. சித்தன்னவாயில் மலையில், ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவியர் படுத்துறங்கிய கற்படுக்கைகள் உள்ளனவே, அவ்வுறைவிடமும் பள்ளி. திருமயத்திலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில், எல்லாச் சமயத்தாரும் நேர்ந்துகொண்டு வரும் காட்டுபாவாவின் இடத்தையும் பள்ளிவாசல் என்றே அழைக்கின்றோம். ஆசிரியனும் சமணனும் முசுலீமும் ஒரே சொல்லின் நிழலில் ஒதுங்கியிருக்கின்றார்கள். தமிழ்ச்சொல்லுக்குச் சமயக் காழ்ப்பு இல்லை. காழ்ப்பெல்லாம் மாந்தனிடத்திலேதான் இருக்கின்றது.

அண்மையில் நம் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, இசுலாமும் கிறித்தவமும் வெளியிலிருந்து வந்தவை. அவற்றின் உரிமைக்கு நாம் ஏன் வழக்காட வேண்டும்? தமிழைக் காப்பதுதானே நம் வேலை?" நல்லெண்ணத்தோடு கேட்ட கேள்விதான். ஆயினும் விடை சொல்லாமல் விடத்தக்க கேள்வியன்று.

வெளியிலிருந்து வந்தது எது, உள்ளிருந்து முளைத்தது எது என்று அளக்கப் புகுந்தால், முதலில் மொழியை வைத்து அளப்போம். முசுலீம் உடன்பிறப்புகள் இறைவனை வணங்குவதற்குத் 'தொழுகை' என்கின்றனர். உண்ணாதிருத்தலுக்கு 'நோன்பு' என்கின்றனர். திருநாளைப் 'பெருநாள்' என்கின்றனர். நாம் சாதம் என்று சொல்லத் தொடங்கிய பின்னும் அவர்கள் வீட்டில் சோறுதான் வேகின்றது; குழம்புக்கு 'ஆணம்' என்னும் பழஞ்சொல் இன்றும் அவர்களிடம் வாழ்கின்றது. நம் மாவட்டத்து ஆவூரில் 1747-இல் எழுந்த கிறித்தவக் கோயில் இருக்கின்றது. தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் தொண்டாற்றிய ஊர் அது. தமிழுக்கு அகரமுதலி கண்ட சதுரகராதியும் அவர் செய்ததே. இவர்களையா அயலார் என்பது?

இன்னொன்றும் சொல்வேன். திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணியை உ.வே.சா. அவர்கள் 1887-இல் பதிப்பித்தார். தமிழைக் கரைகண்ட அப்பெருமகனாருக்கே அந்நூலின் சமணக் கருத்துகள் முதலில் விளங்கவில்லை. குடந்தையில் வாழ்ந்த சமணக் குடும்பத்தாரை நாடிச் சென்றார். அவர்கள் தம் வழிவழி மரபில் ஓதி வந்த பொருளை எடுத்துரைத்தார்கள். அதன் பின்னரே ஏட்டின் பூட்டுத் திறந்தது. எண்ணிப் பாருங்கள். அந்தச் சிறுபான்மைக் குடும்பங்கள் அச்சுறுத்தப்பட்டு, ஊரைவிட்டு ஓடியிருந்தால், சிந்தாமணியின் பொருளை யாரிடம் சென்று கேட்டிருப்போம்?

நம் மாவட்டத்தில் அதுதான் நடந்தது. சித்தன்னவாயிலின் கல்லில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழ் எழுத்து இருக்கின்றது. அறிவர் கோயிலில் பாண்டியர் காலத்து ஓவியம் இருக்கின்றது. அக்கோயிலைப் புதுக்கியவர் மதுரையாசிரியர் ஒருவர் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. வயல்வரப்பிலும் கண்மாய்க்கரையிலும் கிடந்த சமணப் படிமங்கள் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. கல் இருக்கின்றது, ஓவியம் இருக்கின்றது, அவற்றை வணங்கிய ஊர்மக்கள் இல்லை. தமிழ்ச் சமணரைக் காண வேண்டுமாயின் நாம் வந்தவாசிக்கும் திண்டிவனத்திற்கும் செல்ல வேண்டும். ஒரு சமயம் ஒரு மண்ணிலிருந்து அகன்றால், கோயில் மட்டும் வெறுமையாவதில்லை. ஒரு நூலகமே ஊமையாகின்றது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். தமிழுக்கு உதவினார்கள் என்பதற்காக மட்டும் அவர்களுக்கு உரிமை உண்டு என்பது என் கருத்தன்று. அது கூலி கணக்கிடும் பேச்சு. ஒரு பாவும் எழுதாத, ஒரு நூலும் காக்காத எளிய மாந்தனுக்கும் தன் உள்ளம் தன்னுடையதே. அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையை எல்லார்க்கும் பொதுவாக வைத்திருக்கின்றது.

அவ்வுரிமைமேல் நம் தமிழ்நாட்டிலேயே கைவைத்தார்கள். 2002 அத்தோபர் 5-ஆம் நாள், செயலலிதா அவர்களின் அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அத்திங்கள் முடிவதற்குள் சட்டமன்றம் அதனைச் சட்டமாக்கியது. கட்டாயப்படுத்தலும் ஏமாற்றலும் குற்றம் என்பதை யார் மறுத்தார்? அச்சுறுத்தலுக்கும் ஏமாற்றுக்கும் முன்பிருந்தே தண்டச் சட்டம் உண்டு. அப்படியிருக்கப் புதுச்சட்டம் எதற்கு? அதன் பிரிவுகளைப் படித்தால் விடை கிடைக்கும். சமயம் மாற்றும் சடங்கை நடத்தியவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை. கட்டாய மாற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறை. மாறியவர் சிறுவராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் குலத்தாராகவோ பழங்குடியாகவோ இருந்தால் நான்காண்டு!

தாய்மார்களே, இதன் பொருளை உணர்ந்தீர்களா? கல்லூரியில் படித்த பெண்ணையும், வயது வந்த ஒடுக்கப்பட்ட உழவனையும், பால்மணம் மாறாப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிறுத்திற்று அச்சட்டம். உங்களுக்குத் தாமே எண்ணும் ஆற்றல் இல்லை. யாரோ ஏமாற்றினால்தான் நீங்கள் மாறுவீர்கள் என்பதே அதன் உட்கிடை. சமயத்தைக் காக்க வந்த சட்டமா அது? அடிமை தப்பி ஓடாமல் வேலி கட்ட வந்த சட்டம்!

சிறுபான்மையர் மட்டுமல்லாமல் பகுத்தறிவாளரும் தமிழுணர்வாளரும் ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தாரும் அதனை எதிர்த்தனர். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் பெருந்தோல்வி கண்டபின், மே திங்களில், கொண்டுவந்த அரசே அதனைத் திரும்பப் பெற்றது. அது தமிழ்நாட்டின் பெருமை. ஆயினும் நாம் உறங்கிவிடலாகாது. ஒரிசாவில் 1967-இலும் மத்தியப் பிரதேசத்தில் 1968-இலும் முளைத்த இவ்வகைச் சட்டம் இன்று பல மாநிலங்களில் படர்ந்திருக்கின்றது. உத்தரப் பிரதேசத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சமயம் மாற விரும்புவோர் அறுபது நாளுக்கு முன்பே ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். 2024-இல் அதனைத் திருத்தி, சிலவகைக் குற்றங்களுக்கு வாழ்நாட்சிறை வரை உயர்த்தினார்கள். நெஞ்சில் தோன்றும் நம்பிக்கைக்கு அலுவலகத்தில் ஒப்புதற் சீட்டுப் பெறவேண்டுமாம்!

சட்டம் ஒரு கை என்றால், செய்தித்தாளும் தொலைக்காட்சியும் மறுகை. 1981 பிப்பிரவரி 19-இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் இசுலாம் தழுவின. நாடெங்கும் தாளிகைகள் அலறின. அரபுநாட்டுப் பணம் என்று எழுதின. அம்மக்களோ சாதியிழிவு தாங்காமல் மாறினோம் என்றார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று துருவியவர்களில், இழிவு எங்கிருந்து வந்தது என்று துருவியவர் எத்தனைபேர்?

2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது அதனையே மீண்டும் கண்டோம். தில்லி நிசாமுதீனில் தப்லீக்குக் கூட்டத்திற்குச் சென்று வந்தவர்கள் நோயாளிகளாக அன்றி நோயைப் பரப்பிய பகைவர்களாகக் காட்டப்பட்டார்கள். இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிடுகின்றேன். எங்கள் தெருவில் பல்லாண்டாகக் காய்கறி வண்டி தள்ளிவரும் முதியவர் ஒருவர் முசுலீம். அவர் தில்லியைப் படத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டார். அந்த ஏப்பிரல் திங்களில் அவர் குரல் கொடுத்தபோது எங்கள் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. என் கதவும் திறக்கவில்லை. அறமும் ஒப்புரவும் கற்பிக்கும் இந்தத் தமிழாசிரியன் சாளரத்தின் பின்னே நின்றுகொண்டிருந்தேன். தொலைக்காட்சி என் கையைக் கட்டவில்லை. என் அச்சத்திற்கு ஒரு முகத்தைக் காட்டிற்று, அவ்வளவே.

பின்னர் என்ன ஆயிற்று? 2020 ஆகசுட்டு 21-இல் மும்பை உயர் வழக்குமன்றத்தின் அவுரங்காபாத்துக் கிளை, 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளைத் தள்ளியது. அவர்கள் பலியாடுகளாக ஆக்கப்பட்டதாகத் தோன்றுகின்றது என்றும், ஊடகங்கள் அவர்கட்கு எதிராகப் பெரும் பரப்புரை செய்தன என்றும் கண்டித்தது. வெளிநாட்டவர்க்கு இடங்கொடுத்தார்கள் என்று 70 இந்தியர் மீது போடப்பட்ட 16 வழக்குகளைத் தில்லி உயர் வழக்குமன்றம் 2025 சூலையில்தான் தள்ளியது. ஐந்தாண்டு! பழி பறையறைந்து வந்தது. தீர்ப்பு பூனைபோல் வந்தது. பழியைக் கேட்டவர் அனைவரும் தீர்ப்பைக் கேட்டாரா? அந்த முதியவரின் வண்டி பின்னர் மீண்டும் வந்தது. நான் கதவைத் திறந்து சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர், "விடுங்க ஐயா, எவ்வளவு வேணும்?" என்று படிக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். அந்தப் பெருந்தன்மைதான் என்னை இன்று இம்மேடையில் நிறுத்தியிருக்கின்றது.

இறுதியாக ஒன்று. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் குலத்தார் ஆகமாட்டார். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் புத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவரும் முசுலீமும் இன்றும் வெளியே நிற்கின்றனர். இந்த விலக்கை நீக்குமாறு இரங்கநாத்து மிசுரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது, நீக்கினார்களில்லை. சேரியில் வாழ்பவன் சிலுவை அணிந்தால் ஊர் அவனைச் சமமாக நடத்துகின்றதா? கல்லறையில்கூடப் பிரித்து வைக்கின்றார்களே! ஊர்க்கண்ணில் போகாத சாதி, சட்டத்தின் கண்ணில் மட்டும் எப்படிப் போகும்? சமயம் மாறினால் சலுகை போய்விடும் என்பதும் ஒருவகைக் கட்டாயந்தானே? அதற்கு எதிராகத் தடைச்சட்டம் போடுவார் யார்?

தோழர்களே! இந்தியை ஏன் எதிர்க்கின்றோம்? நம் நாவில் எம்மொழி இருக்க வேண்டும் என்பதைத் தில்லி முடிவு செய்யலாகாது என்பதால் எதிர்க்கின்றோம். நாவுக்கு அவ்வுரிமை உண்டென்றால் நெஞ்சுக்கு இல்லையா? ஒன்றைக் கேட்டு மற்றொன்றை மறுப்பவன் இரண்டையும் இழப்பான்.

ஆகவே உங்களை மூன்று வேண்டுகின்றேன். ஒன்று, ஒரு சமயத்தார்மேல் பழி சொல்லும் செய்தி வந்தால், சான்று காணும் வரை அடுத்தவர்க்குச் சொல்லாதீர்கள். இரண்டு, பழியைப் பெரிதாக வெளியிட்ட இதழ் தீர்ப்பைச் சிறிதாக வெளியிட்டால், அவ்விதழுக்கு எழுதிக் கேளுங்கள். மூன்று, அண்டை வீட்டுக் குரல் கேட்கும்போது கதவைத் திறங்கள். மூன்றாவதுதான் கடினம்; நான் அறிவேன்.

உள்ளம் உரிமை பெறுக! ஒற்றுமை ஓங்குக! தமிழ் வெல்க!