பழுதான மூட்டும் நஷ்டஈடும்



இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்கு டிப்யூ கம்பெனி விற்ற உலோக மூட்டு ஏ.எஸ்.ஆர். உலோகத்தோடு உலோகம் உரசியது, கோபால்ட்டும் குரோமியமும் பலர் ரத்தத்தில் கலந்தன, சதை கெட்டது, மறுபடியும் கத்தி!

2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்க நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வழக்காடினார்கள். 2013-ல் சுமார் 250 கோடி டாலர் தரக் கம்பெனி இணங்கியது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு வைத்திருந்தார்கள்; நிபுணர் குழு அமைந்ததே 2017-ல்! 2018-ல் சர்க்கார் நிர்ணயித்த நஷ்டஈடு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை. அதையும் எதிர்த்துக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது.

பணம் கட்டிச் செய்யும் சிகிச்சையில் கருவி பழுதானால், 2019 நுகர்வோர் சட்டப்படி தயாரித்தவன்மீதே ஜில்லா ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆஸ்பத்திரிச் சீட்டையும் மூட்டின் எண் ஒட்டிய தாளையும் பத்திரப்படுத்துங்கள். சேர்ந்து கேளுங்கள்!