மண் செய்யும் பண்டமாற்று
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற ஊர். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்தன. பிறகு செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டடம் எழ வேண்டும் என்று ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். யாப் ஆ லோய் இங்கே சூளை போட்டார். நகரத்தைத் தூக்கி நிறுத்திய அதே களிமண்தான் மரத்துக்கும் சோறு போடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

களிமண் துகள் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை 500 கூறாக்கினால் ஒரு கூறுக்கும் குறைவு. ஏடு ஏடாக அடுக்கிய அந்தத் துகளின் மேல் எதிர்மின்னூட்டம் உண்டு. சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து, அம்மோனியம் ஆகியவை நேர்மின்னூட்டம் உள்ளவை. அதனால் ஒட்டிக்கொள்கின்றன. வேர் அவற்றைச் சும்மா வாங்குவதில்லை. ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டுச் சத்தை எடுத்துக்கொள்கிறது. நம் பாட்டிமார் நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கினார்களே, அதே பண்டமாற்றுதான்! 1850-இல் இங்கிலாந்தில் ஜான் தாமஸ் வே என்பவர் அம்மோனிய உப்புக் கரைசலை மண்ணின் வழியே வடித்தார். அம்மோனியம் மண்ணில் தங்கிவிட்டது. சுண்ணாம்புச் சத்து வெளியே வந்தது.

ஆனால் எல்லாக் களிமண்ணும் ஒன்றல்ல. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் இருப்பது மாண்ட்மோரில்லனைட் வகை. அது 100 கிராமுக்கு 80 முதல் 150 மில்லி ஈக்குவலண்ட் வரை சத்தைப் பிடிக்கும். நம் மலைக்காட்டுச் செம்மண்ணில் மிகுந்திருப்பது கயோலினைட். அது பிடிப்பது 3 முதல் 15 வரைதான். அங்கே பத்தாயம் என்றால் இங்கே கைப்பெட்டி.

"அப்படியென்றால் காடு பச்சைப்பசேல் என்று இருக்கிறதே, எப்படி?" என்று கேட்பீர்கள். காட்டின் சொத்து பெரும்பாலும் மரத்திலும் சருகிலும் மக்கிலும் இருக்கிறது. சருகு விழும், மக்கும், வேர் உடனே வாங்கிக்கொள்ளும். காட்டை வெட்டி எரித்தால் சாம்பல் சில காலம் உதவும். அப்புறம் மழை அடித்துக்கொண்டு போய்விடும், கைப்பெட்டி காலி.

அதனால்தான் உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். பெருமழைக்கு முன் போட்டால் சத்து ஓடையில் போகும், ஆற்றுத் தண்ணீரும் கெடும். வெட்டிய செம்பனை மட்டையை வரிசையாகப் போட்டு மக்கவிடுவதும், பால்மரத்துக்கு அடியில் பயறுக் கொடி படரவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான். சருகும் மக்கும் சேர்ந்தால் மண்ணின் பெட்டி பெரிதாகும்.

தோட்டத்துப் பெரியவர்களே, உரமூட்டை சுமந்த தோள்கள் உங்களுடையவை. "இன்றைக்குப் போடு, நாளைக்குப் போடாதே" என்று சொன்னவர்கள் பலர். ஏன் என்று சொன்னவர்கள் குறைவு. காரணம் தெரிந்தவனுக்குக் கேள்வி கேட்கத் தைரியம் வரும்; வேலையிலும் மதிப்பு வரும். அந்தக் காரணத்தைப் படித்து வந்து வீட்டில் சொல்வது பிள்ளைகளின் கடமை.

செல்வங்களே, அறிவியல் கூடத்தில் மெத்திலீன் நீலம் இருந்தால் ஆசிரியர் துணையோடு சிறிதளவைத் தண்ணீரில் கரையுங்கள். புனலில் களிமண் கலந்த மண்ணை நிரப்பி அதன் வழியே வடியுங்கள். நீலத்தை மண் பிடித்துக்கொள்ளும்; கீழே வரும் தண்ணீர் வெளுத்திருக்கும். புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் காண்பீர்கள்.

பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்து. பெறாதவர்களுக்கு அடுத்த ஆண்டு இருக்கிறது.